தவறாமல் பேசும் கடை

(ஈரோட்டில் சிறு வணிகர்களும் குறுந்தொழில் முனைவோரும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட தலைப்பு ‘தவறாமல் பேசும் கடை’. ஒரு சிறிய கடை தன் வாடிக்கையாளர்களோடு ஆண்டு முழுவதும் தொடர்ந்து பேச வேண்டும். என்ன பேசுவது? எப்போது பேசுவது? எதன் வழியாகப் பேசுவது? யார் பேசுவது? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை தேடுவதுதான் இன்றைய வேலை.

முதலில் நம் பழக்கத்தைப் பார்ப்போம். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது நமக்கு விளம்பரம் நினைவுக்கு வருகிறது. அவசர அவசரமாக நோட்டீஸ் அடிக்கிறோம். ஆட்டோவில் மைக் கட்டி ஊரைச் சுற்ற விடுகிறோம். செல்போனில் இருக்கும் அத்தனை எண்ணுக்கும் ஒரே நாளில் ஏழெட்டுப் படம் அனுப்புகிறோம். தீபாவளி முடிகிறது. மறுநாளே கடை வாயை மூடிக்கொள்கிறது. பிறகு பொங்கலுக்கு ஒரு சத்தம். பிறகு ஆடித் தள்ளுபடிக்கு ஒரு சத்தம். இடையில் இருக்கும் மாதங்களில் நம் கடை இருக்கிறதா இல்லையா என்பதே ஊருக்குத் தெரியாது.

இதில் என்ன கெடுதல்? ஒன்றைக் கவனியுங்கள். தீபாவளிக்கு முந்தைய பத்து நாள், ஊரில் இருக்கும் எல்லாக் கடைகளும் கத்துகிற பத்து நாள். பெரிய ஜவுளி மாளிகைகள் தொலைக்காட்சியில் பேசுகின்றன. பன்னாட்டு நிறுவனங்கள் செல்போன் திரை முழுக்கப் பேசுகின்றன. பணத்தால் நம்மை எளிதாக மூழ்கடிக்கக்கூடிய அந்த நாட்களைத் தேர்ந்தெடுத்து, நாமும் அப்போதுதான் பேசுகிறோம்! அவர்கள் பேசாத நாட்கள் முந்நூறுக்கு மேல் இருக்கின்றனவே, அந்த நாட்களை ஏன் விட்டுவிடுகிறோம்?

நண்பர்களே, தொடர்ச்சியின் பலன் என்ன என்று நான் உங்களுக்கு வெளியூரிலிருந்து சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த ஊரிலேயே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை என்றால் ஜவுளிச் சந்தை. வியாழக்கிழமை என்றால் கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தை. “இந்த வாரம் சந்தை உண்டு, வாருங்கள்” என்று யாராவது நோட்டீஸ் அடிக்கிறார்களா? கேரளத்திலிருந்து வருகிற வியாபாரி எந்த நாள் என்று விசாரித்துக்கொண்டா வண்டி ஏறுகிறார்? கிழமையே அழைப்பு. அந்தக் கிழமைக்கு அந்த இடத்தில் நிச்சயம் ஆள் இருப்பார்கள், சரக்கு இருக்கும் என்ற நம்பிக்கைதான் அத்தனை கூட்டத்தையும் கூட்டுகிறது. ஒரு வாரம் கூடி, அடுத்த மூன்று வாரம் கூடாமல், பிறகு நினைத்தால் கூடுகிற சந்தைக்கு யார் வருவார்கள்?

ஆகவே, நான் இன்று சொல்ல வந்த ஒரே செய்தி இதுதான்: சிறிய வாக்குறுதி கொடுங்கள், அதைத் தவறாமல் காப்பாற்றுங்கள். வாரம் ஒரு செய்தி போதும். ஆனால் அது ஆண்டுக்கு 52 வாரமும் போக வேண்டும். அழகாகப் பேசுகிற கடையைவிடத் தவறாமல் பேசுகிற கடைதான் நிற்கும்.

இது செல்போன் வந்தபிறகு பிறந்த வித்தையா? இல்லவே இல்லை. நம் வீட்டுச் சுவரைப் பாருங்கள். அங்கே ஒரு தினசரி காலண்டர் தொங்குகிறது. மளிகைக் கடையோ, பாத்திரக் கடையோ, உரக் கடையோ கொடுத்தது. அதில் நல்ல நேரம் இருக்கிறது, ராகு காலம் இருக்கிறது, முகூர்த்த நாள் இருக்கிறது, அமாவாசையும் கிருத்திகையும் இருக்கின்றன. மேலே அட்டையில் கடையின் பெயர். “என்னிடம் வாங்குங்கள்” என்று அந்தக் கடை அந்த 365 தாளில் ஒன்றிலாவது கெஞ்சியிருக்கிறதா? ஒரு வீட்டுக்குத் தினமும் தேவைப்படுகிற செய்தியைக் கொடுத்தது. அந்த வீட்டின் சுவரில் ஓராண்டு இடம் பிடித்தது. பயனைக் கொடு, பெயர் தானாக நிற்கும். இந்தப் பாடத்தை நம் தாத்தாக்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

அந்தக் காலண்டர் எப்போது தயாராகிறது தெரியுமா? ஜனவரியில் தொங்குகிற காலண்டருக்குச் சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றே பூஜை போட்டு, புதிய மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை வெளியிடுகிறார்கள். ஆடி 18 என்றால் ஆகஸ்ட் முதல் வாரம். ஐந்து மாதம் முன்னால்! நாம் என்ன செய்கிறோம்? புதன்கிழமை போகவேண்டிய செய்தியைப் புதன்கிழமை இரவு பத்து மணிக்கு யோசிக்கிறோம். யோசனை வரவில்லை என்றால் விட்டுவிடுகிறோம். தொடர்ச்சி எங்கே அறுகிறது? சோம்பலில் அறுவதைவிட, திட்டம் இல்லாத இடத்தில்தான் அதிகம் அறுகிறது.

இன்னொரு எடுத்துக்காட்டு. அமிர்தாஞ்சன். 1893இல் பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் தொடங்கிய தைலம். அன்று அது ஒரு தனி மனிதரின் சிறு தொழில். அதை அவர் எப்படிப் பரப்பினார்? இசைக் கச்சேரிகள் நடக்கும் இடங்களில் இலவசமாகக் கொடுத்தார். மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்குத் தலைவலி வருமா வராதா? பொருள் தேவைப்படுகிற இடத்திலும் தேவைப்படுகிற நேரத்திலும் போய் நின்றார். பெரிய செலவு செய்து ஊரெங்கும் கத்துவதைவிட, சரியான ஐம்பது பேரிடம் சரியான நேரத்தில் போவது மேல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தொடர்ச்சிக்கு ஒரு சான்று வேண்டுமானால் அமுல் வெண்ணெயின் புள்ளிச் சட்டைச் சிறுமியை நினைத்துக்கொள்ளுங்கள். 1966இல் பிறந்த அந்தச் சித்திரம் இன்றும் நாட்டுநடப்பைப் பற்றி ஒரு வரி பேசிக்கொண்டுதான் இருக்கிறது. கிரிக்கெட்டோ, தேர்தலோ, சினிமாவோ, பேசப்படும் விஷயம் மாறும். முகம் மாறவில்லை, குரல் மாறவில்லை. அமுல் பெரிய கூட்டுறவு, நாம் சிறியவர்கள், உண்மைதான். ஆனால் ஒரே முகம், ஒரே குரல், விடாத தொடர்ச்சி என்ற மூன்றுக்கும் பணம் தேவையில்லையே!

சரி, முதல் கேள்விக்கு வருவோம். என்ன பேசுவது?

“ஐயா, வாரா வாரம் சொல்ல எங்களிடம் என்ன இருக்கிறது? நாங்கள் எண்ணெய் விற்கிறோம், அவ்வளவுதான்” என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. எண்ணெய் விற்கிறவருக்கா பேச ஒன்றுமில்லை? வாருங்கள், ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடையையே எடுத்துக்கொள்வோம். உங்களில் பலருக்குத் தெரிந்த தொழில்.

அந்தக் கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளை, அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். என்ன கேட்பார்கள்? “ஏனுங்க, பாக்கெட் எண்ணெயைவிட உங்க எண்ணெய் ஏன் இத்தனை விலை?” முதல் கேள்வியே அதுதான். “நல்லெண்ணெயில கருப்பட்டி ஏன் போடறீங்க?” “அடியில கசடு நிக்குதே, கெட்டுப்போச்சா?” “பலகாரம் சுடும்போது நுரை கட்டுதே, ஏனுங்க?” “மார்கழியில தேங்காய் எண்ணெய் உறைஞ்சு போகுதே, கலப்படமா?” “சில்வர் தூக்குல வெக்கலாமா, பிளாஸ்டிக்குல வெக்கலாமா?” “நாங்களே கடலை கொண்டுவந்தா ஆட்டித் தருவீங்களா?” “புண்ணாக்கு தனியாக் கிடைக்குமா?” ஒரு மாதம் எழுதினால் இருபது கேள்வி சேரும். இருபது கேள்வி என்றால் இருபது வாரத்துக்கான செய்தி உங்கள் கையில் வந்துவிட்டது!

அந்த முதல் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். விலை. நம்மில் பலரும் விலையைப் பற்றிப் பேசப் பயப்படுகிறோம். பயப்படாதீர்கள். வெளிப்படையாகக் கணக்கைச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்க ஏறக்குறைய இரண்டரை கிலோ கடலைப் பருப்பு ஆட்ட வேண்டும். பருப்பு கிலோ இன்ன விலை. ஆட்டுக்கூலி இவ்வளவு. புண்ணாக்கு விற்றால் இவ்வளவு திரும்பும். மிச்சம்தான் எண்ணெய் விலை. இதை நான்கு வரியில் எழுதிப் பருப்பு மூட்டையின் படத்தோடு அனுப்புங்கள். அந்தக் கணக்கைப் படித்த இல்லத்தரசி அதன்பிறகு விலையை வேறு கண்ணோடு பார்ப்பார். மலிவாக ‘செக்கு எண்ணெய்’ என்று எங்காவது எழுதிவைத்திருந்தால், “இரண்டரை கிலோ பருப்பு விலைக்கும் குறைவாக எப்படிக் கட்டுப்படியாகிறது?” என்று அவரே கேட்பார். நீங்கள் போட்டியாளரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் கணக்கு பேசிவிட்டது.

தேங்காய் எண்ணெய் உறைவதும் அப்படித்தான். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே வெப்பம் இறங்கினால் சுத்தமான தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கும். அது அதன் இயல்பு. இதை எப்போது சொல்ல வேண்டும்? மார்கழி பிறப்பதற்கு முந்தைய வாரம் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கோபமாக வந்தபிறகு சொன்னால் அது சமாதானம். முன்னால் சொன்னால் அது அறிவுரை. சொல் ஒன்றுதான், நேரம்தான் அதற்கு மதிப்புத் தருகிறது.

இன்னும் இருக்கிறது. சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் எள் ஏலம் நடக்கிறது. அவல்பூந்துறையிலும் எழுமாத்தூரிலும் கொப்பரை ஏலம் நடக்கிறது. அங்கே விலை ஏறினால் உங்கள் எண்ணெய் விலை ஏறும், இறங்கினால் இறங்க வேண்டும். ஏறும்போது மட்டும் சொல்லி, இறங்கும்போது வாய் திறக்காமல் இருக்காதீர்கள். “இந்த வாரம் கொப்பரை இறங்கியது, எண்ணெயும் லிட்டருக்கு இவ்வளவு இறக்கியிருக்கிறோம்” என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பத்து ஆண்டு விளம்பரம் தராத மரியாதையை அந்த ஒரு வரி தரும்.

எண்ணெய்க் கடைக்கு மட்டுமா இது? பவானி ஜமக்காளம் நெய்கிறவரிடம், “துவைத்தால் சாயம் போகுமா? விசைத்தறி விரிப்புக்கும் இதற்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது?” என்று கேட்காதவர் யார்? புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. கைத்தறியைத் தொட்டுப் பார்த்து அறிவது எப்படி என்று அரை நிமிடப் படமாகக் காட்டினால், அதைவிட நல்ல பாடம் எந்த ஜவுளிக் கல்லூரியில் கிடைக்கும்? தையற்கடைச் சகோதரிக்கு, அளவு ரவிக்கை எப்படிக் கொடுக்க வேண்டும், லைனிங் துணியை முன்கூட்டியே நனைத்து ஏன் காயவைக்க வேண்டும் என்ற செய்திகள் இருக்கின்றன. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை விற்கிறவருக்கு, பழநிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சர்க்கரை இந்த மண்ணின் சர்க்கரை என்ற பெருமை ஒன்று போதாதா? மஞ்சள் விற்கிறவருக்கு விரலி எது, கிழங்கு எது என்று காட்டவே இரண்டு வாரம் வேண்டும். கேள்வி கேட்கிற வாடிக்கையாளர் இருக்கும்வரை சொல்வதற்குச் செய்தி வற்றாது.

இரண்டாவது கேள்வி. எப்போது பேசுவது?

இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வாரக் கணக்கு, மற்றது ஆண்டுக் கணக்கு.

வாரக் கணக்கு எளிது. ஒரு கிழமை, ஒரு நேரம். புதன்கிழமை காலை பத்தரை மணி என்று வைத்துக்கொண்டால், அதுதான். வீட்டில் சமையல் முடிந்து, பெண்கள் செல்போனைக் கையில் எடுக்கிற நேரமா? கூலி வாங்கி வருகிற சனிக்கிழமை மாலையா? உங்கள் வாடிக்கையாளர் யாரோ, அவருடைய நேரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முடிவு செய்தபிறகு மாற்றாதீர்கள். நான்கு வாரத்தில் மூன்று வாரம் பயனுள்ள செய்தி, ஒரு வாரம் மட்டும் விற்பனைச் செய்தி. அப்படியானால் ஆண்டுக்கு 39 செய்தி பயனுக்கு, 13 செய்தி விற்பனைக்கு. அந்த 39இல் இருபது, கல்லா நோட்டிலிருந்து வந்துவிட்டது. மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு, பருவத்திலிருந்து வரும். மீதி ஏழு, உங்கள் பட்டறையையும் அங்கே வேலை செய்கிறவர்களையும் பற்றியது. பார்த்தீர்களா? மலையாகத் தெரிந்தது ஒரு தாளுக்குள் அடங்கிவிட்டது!

அடுத்தது ஆண்டுக் கணக்கு. நம்மைப் போன்ற பாக்கியசாலிகள் யார் இருக்கிறார்கள்? ஒவ்வொரு மாதமும் நமக்கு ஒரு வியாபாரத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறது. அதே எண்ணெய்க் கடையை வைத்துப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் மாவடுவும் மாங்காயும் வருகின்றன, ஊறுகாய்க்கு நல்லெண்ணெய். ஆனி பிறக்கும் முன்பே பள்ளி திறந்துவிடுகிறது. காலையில் கட்டிக்கொடுக்கிற இட்லிக்குப் பொடியும் எண்ணெயும். ஆடியில் பெருக்குக்குக் கலந்த சாதம். புரட்டாசியில் சைவச் சமையலும் கொலுச் சுண்டலும். ஐப்பசியில் தலைக்குக் குளிக்கவும் பலகாரம் சுடவும் எண்ணெய். கார்த்திகையில் விளக்கு. மார்கழியில் உறைகிற தேங்காய் எண்ணெய். தையில் பொங்கல். எந்த மாதத்தில் சொல்வதற்கு ஒன்றுமில்லை, சொல்லுங்கள்?

பெரிய நாட்களுக்குப் பின்னோக்கித் திட்டமிடுங்கள். தீபாவளிக்கு எட்டு வாரம் முன்பு கடலையும் எள்ளும் வாங்குகிறீர்கள். அந்தக் கொள்முதலைப் படமெடுத்துக் காட்டுங்கள். ஆறு வாரம் முன்பு, எந்தப் பலகாரத்துக்கு எந்த எண்ணெய் என்று சொல்லுங்கள். நான்கு வாரம் முன்பு முன்பதிவைத் தொடங்குங்கள். இரண்டு வாரம் முன்பு, கடைசித் தேதி எது என்று தெளிவாகச் சொல்லுங்கள். கடைசி வாரம் ஊரெல்லாம் கத்தும். நீங்கள் அமைதியாக டின்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருப்பீர்கள். தீபாவளி முடிந்த வாரம்தான் முக்கியம். எல்லாரும் வாய் மூடிவிடுகிற அந்த வாரத்தில், “பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம்” என்று ஒரு செய்தி அனுப்புங்கள். எண்ணெய் விற்றவரே நம் உடம்பை நினைத்துப் பேசுகிறாரே என்று அந்த வீடு உங்களை மறக்காது.

மூன்றாவது கேள்வி. எதன் வழியாகப் பேசுவது?

எல்லா இடத்திலும் இருக்க ஆசைப்படாதீர்கள். செல்போனில், உங்களால் தவறாமல் நடத்த முடிந்த இரண்டு வழி போதும். பெரும்பாலான சிறு கடைகளுக்கு முதல் வழி வாட்ஸ்அப். வணிகர்களுக்கென்று தனிச் செயலி 2018இலிருந்தே இருக்கிறது, இலவசம். அதில் பொருட்பட்டியல் போடலாம், கடை நேரம் போடலாம். ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். உங்கள் எண்ணைத் தன் செல்போனில் பதிந்து வைத்திருப்பவருக்குத்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். ஆகவே பில் கொடுக்கும்போதே, “அக்கா, நம்ம கடை நம்பரைப் பதிஞ்சுக்கங்க, வாரம் ஒரே ஒரு செய்தி வரும், அனுப்பட்டுங்களா?” என்று கேட்டு, அவர் சரி என்றபிறகு சேருங்கள். கேட்டுச் சேர்த்த நூறு பேர், கேட்காமல் சேர்த்த ஆயிரம் பேருக்குச் சமம்.

இரண்டாவது வழி கூகுள் வரைபடம். “பக்கத்தில் செக்கு எண்ணெய்” என்று தேடுகிறவர் உங்கள் கடையைக் கண்டுபிடிக்க முடிகிறதா? திறக்கும் நேரம் சரியாக இருக்கிறதா? கடைவாசல் படம் இருக்கிறதா? யாராவது குறை எழுதியிருந்தால் மரியாதையாகப் பதில் எழுதியிருக்கிறீர்களா? இதைச் சரிசெய்ய ஒரு மாலைப்பொழுது போதும். அதன்பிறகு மாதம் ஒருமுறை புதிய படம் சேர்த்தால் போதும்.

செல்போன் இல்லாதவர்களை மறந்துவிடலாமா? கூடாது. கடைவாசலில் ஒரு கரும்பலகை வையுங்கள். வாட்ஸ்அப்பில் போன அதே செய்தியை நான்கு வரியாக எழுதுங்கள். எண்ணெய் டின்னோடு ஒரு துண்டுச்சீட்டு கொடுங்கள். ஒரே செய்தி மூன்று வழியில் போகட்டும். மூன்று தனித்தனிச் செய்தி யோசித்துத் திணற வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் செயலிக்கு இந்தியாவில் தடை வந்தது. அதை மட்டுமே நம்பி ரசிகர்களையும் வாடிக்கையாளர்களையும் சேர்த்துவைத்திருந்தவர்களின் உழைப்பு ஒரே இரவில் போனது. ஆகவே எந்தச் செயலியில் பேசினாலும் பேசுங்கள், ஆனால் வாடிக்கையாளர் பேரேடு உங்கள் கையில் இருக்கட்டும். பெயர், எண், என்ன வாங்குகிறார், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார். அதை அவர் அனுமதித்த காரியத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். தனிமனிதத் தகவலுக்கு அவருடைய இசைவு வேண்டும் என்று 2023இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது. சட்டம் வருவதற்கு முன்பும் அதுதான் நாணயம்.

நான்காவது கேள்வி. யார் பேசுவது?

“எனக்கு எழுத வராது” என்கிறீர்களா? கல்லாவில் நின்று நாள் முழுக்கப் பேசுகிறீர்களே, அந்தப் பேச்சு போதும். ஆங்கிலம் கலந்த அலங்காரம் வேண்டாம். அக்காவிடம் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே சொல்லுங்கள். மகளோ மருமகனோ அதை எழுதித் தரட்டும். பெரிய நிறுவனம் தன் முகமாக நடிகரைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அந்தத் தேவை இல்லை. செக்கோட்டுகிறவரின் கை இருக்கிறது, பருப்பு புடைக்கிற பாட்டியின் முகம் இருக்கிறது. அவர்கள் சம்மதத்தோடு அவர்களைக் காட்டுங்கள். இணையத்திலிருந்து எடுத்த யாரோ ஒருவரின் வழவழப்பான படம் எதற்கு?

மாதத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள். அமாவாசையன்று கடை மூடுகிறவர் அன்று மாலை உட்காரலாம். வீட்டார் எல்லாரும் சேர்ந்து அடுத்த நான்கு வாரச் செய்தியையும் அன்றே எழுதி, படமும் எடுத்து வைத்துவிடுங்கள். அதன்பிறகு காய்ச்சல் வந்தாலும், ஊரில் திருவிழா வந்தாலும், கடையில் கூட்டம் அதிகமானாலும் புதன்கிழமைச் செய்தி போய்விடும். தொடர்ச்சியை மன உறுதியிடம் ஒப்படைக்காதீர்கள், ஏற்பாட்டிடம் ஒப்படையுங்கள்.

செய்தி அனுப்பினால் வேலை முடிந்ததா? முடியவில்லை, அங்கேதான் தொடங்குகிறது. பதில் வரும். “அரை லிட்டர் கிடைக்குமா?” என்று ஒருவர் கேட்பார். அன்றைக்கே பதில் சொல்ல வேண்டும். வாரா வாரம் பேசிவிட்டு, கேட்டவருக்கு மூன்று நாள் பதில் சொல்லாத கடையைவிட, பேசாத கடையே மேல்.

இனி, செய்யக்கூடாதவை. இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

காலை வணக்கப் படம் அனுப்பாதீர்கள். அரசியல் அனுப்பாதீர்கள். யாரோ அனுப்பிய மருத்துவக் குறிப்பை உங்கள் கடைப் பெயரில் அனுப்பாதீர்கள். மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பும் எண்ணம் இருந்தால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி முறையாகப் பதிவு செய்யாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நோய் தீரும் என்று சொல்லாதீர்கள்! “சர்க்கரையை விரட்டும், மூட்டுவலி ஓடிப்போகும்” என்று எத்தனை பாட்டிலில் எழுதியிருக்கிறார்கள்! குறிப்பிட்ட நோய்களைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சர்க்கரை நோயும் புற்றுநோயும் அந்தச் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கின்றன. “எங்கள் எண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லை” என்று பெருமையாகப் போடுகிறார்கள். எந்தத் தாவர எண்ணெயில் அது பொருட்படுத்தும் அளவுக்கு இருக்கிறது? எல்லாருக்கும் பொதுவானதைத் தன் தனிச்சிறப்பாகச் சொல்வதும் ஏமாற்றுதான். நம்மை நம்பி மாத்திரையை நிறுத்திவிடுகிற ஒரு பெரியவரை நினைத்துப் பாருங்கள். அந்தப் பாவம் எந்த லாபத்தால் தீரும்?

பலனை எப்படி அளப்பது? விருப்பக் குறிகளை எண்ணாதீர்கள். புதிதாக வருகிறவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “நம்ம கடை உங்களுக்கு எப்படித் தெரிஞ்சதுங்க?” பதிலை நோட்டில் எழுதுங்கள். செய்தி பெறுகிறவர்களில் எத்தனை பேர் மாதாமாதம் திரும்பி வருகிறார்கள் என்று பேரேட்டில் பாருங்கள். எந்தச் செய்தி போன வாரத்தில் அதிகம் பேர் கேள்வி கேட்டார்கள் என்று குறித்துவையுங்கள். அடுத்த ஆண்டு அந்தச் செய்தி திரும்ப வரட்டும்.

பொறுமை வேண்டும் நண்பர்களே. முதல் மாதம் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். மூன்றாவது மாதம் ஒருவர், “உங்க செய்தி பார்த்தேனுங்க” என்பார். ஏதாவது ஒரு வாரம் உங்களால் அனுப்ப முடியாமல் போனால் மனம் ஒடிந்துவிடாதீர்கள். ஒரு வாரம் தவறியதால் கடை கெட்டுவிடாது. தவறிவிட்டதே என்று மொத்தமாக விட்டுவிடுவதால்தான் கெடும். அடுத்த புதன்கிழமை வழக்கம்போல் அனுப்புங்கள். சித்திரையிலிருந்து பங்குனிவரை ஒரு முழுச் சுற்று வந்தபிறகு கணக்குப் பாருங்கள். அதற்கு முன் தீர்ப்பு எழுதாதீர்கள்.

நிறைவாக ஒன்று. நம் காலத்தில் வாங்குகிறவருக்குப் பொருள் கிடைப்பது கடினமில்லை. பொத்தானைத் தட்டினால் வீட்டு வாசலுக்கு வருகிறது. கிடைக்காமல் இருப்பது உண்மையான பேச்சுதான். எந்த எண்ணெய் நல்லது, எந்தத் துணி உழைக்கும், எந்த விலை நியாயம் என்று தெரிந்தவர் ஒருவர் நேர்மையாகச் சொல்ல மாட்டாரா என்று மக்கள் ஏங்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தெரிந்தவர் நீங்கள்தான்! முப்பது ஆண்டு செக்கு ஓட்டியவர் நீங்கள். மூன்று தலைமுறையாகத் தறி நெய்தவர் நீங்கள். அந்த அறிவை உள்ளேயே பூட்டிவைத்துவிட்டு, “பெரிய கடைக்காரன் வியாபாரத்தைக் கொண்டுபோகிறான்” என்று புலம்பி என்ன பயன்? அவனிடம் பணம் இருக்கிறது. உங்களிடம் அனுபவம் இருக்கிறது. அனுபவத்தைப் பேச வையுங்கள், வாரம் தவறாமல் பேச வையுங்கள்!

ஆகவே இன்றைக்கே தொடங்குங்கள். இரவு வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டை எடுங்கள். வாடிக்கையாளர்கள் உங்களிடம் கேட்ட கேள்விகளில் பத்தை எழுதுங்கள். ஒரு கிழமையைத் தேர்ந்தெடுங்கள். முதல் கேள்விக்கு நான்கு வரியில் பதில் எழுதுங்கள். வருகிற வாரம் அதை அனுப்புங்கள். அதற்கடுத்த வாரம் இரண்டாவது கேள்வி. அதற்கும் அடுத்த வாரம் மூன்றாவது. அடுத்த ஆண்டு இதே அரங்கில் கூடும்போது, “நாங்கள் 52 வாரம் பேசிவிட்டோம்” என்று இந்த மேடையில் ஏறிச் சொல்ல உங்களில் பலர் வர வேண்டும். அவர்கள் பேச்சைக் கீழே உட்கார்ந்து கேட்க நான் வருவேன்.

வாழ்க உங்கள் தொழில்! வளர்க உங்கள் நாணயம்!